நடுவில் விட்ட இடம்

ஜீப்பை விட்டு இறங்கி ஆற்றங்கரைக்கு நடக்கத் தொடங்கியதிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு தடவைகூடச் 'சம்பந்தி' என்று கூப்பிடவில்லை. மெய்ப்புக்காரர் அதைக் கவனித்துக்கொண்டுதான் வந்தார். "இந்தாங்க, பையைப் பிடிங்க" என்றார் அவர். "பாத்து வாங்க, வழுக்குது" என்றார். வானத்தைப் பார்த்து, மழை வராது என்றுகூட ஒரு தீர்ப்புச் சொன்னார். எல்லாவற்றிலும் மரியாதை இருந்தது, அக்கறையும் இருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. மெய்ப்புக்காரர் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியே தலை நரைத்தவர். இருக்கிற தப்பு தானாகவே கண்ணில் குத்தும், இருக்க வேண்டிய சொல் விடுபட்டுப் போனதுதான் லேசில் அகப்படாது என்று அடிக்கடி சொல்வார். இப்போது அது அகப்பட்டுவிட்டது. அகப்படாமலே இருந்திருக்கலாம்.

மெய்ப்புக்காரரின் ஒரே மகனுக்குத்தான் டிரைவிங் ஸ்கூல்காரர் தம் ஒரே பெண்ணைக் கொடுத்திருந்தார். மகன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனவன், திரும்பி வரவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. மருமகள் கொஞ்ச நாள் இவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டு, வேலைக்குப் பக்கம் என்று அப்பா வீட்டுக்குப் போனாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "மாமா, சாப்பிட்டீங்களா?" என்பாள். அந்தக் கல்யாணத்தில் மிச்சம் என்று எடுத்துப் பார்த்தால் அவள் சொல்லும் 'மாமா'வும் அவள் அப்பா சொல்லும் 'சம்பந்தி'யும்தான். அதில் ஒன்று காலையிலிருந்து காணோம்.

இந்த ஆற்றங்கரைக்கு இவர்கள் இருவரையும் முதலில் இழுத்துக்கொண்டு வந்தவனே மகன்தான். அதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. மகன் கல்யாணப் பத்திரிகையை வேறு யாரும் தொடக்கூடாது என்று மெய்ப்புக்காரர் தாமே மெய்ப்புப் பார்த்தார். ஊரார் பத்திரிகையை எல்லாம் அலசி எடுத்தவர், சொந்தப் பத்திரிகையில் சந்தோஷத்தில் கண் கட்டிப்போய்விட்டார். 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று இருக்க வேண்டியது, 'குற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று அச்சாகி, இரு வீட்டு உறவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் அதை லேசில் விடவில்லை. கல்யாண வாசலில் நின்றுகொண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவர் வரும்போதும், "குற்றம் வந்தாச்சா, உள்ள வாங்க, நட்பு பின்னால வருதா?" என்று கேட்டார். மெய்ப்புக்காரர் முகம் சுருங்கிப்போனது. அதன் பிறகு ஆறேழு மாதம் இரண்டு பேரும் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள்.

மகன் பார்த்தான். ஒரு நாள் இரண்டு அப்பாக்களையும் ஜீப்பில் ஏற்றி, போனில் சிக்னல் எடுக்காத, கடை கண்ணி இல்லாத இந்த மலை இடுக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். கூடாரம் ஒன்றுதான். அவன் நடுவில் படுத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் நான்தான் வேலி. சண்டை போடணும்னா என்னைத் தாண்டிப் போடுங்க" என்றான். மறுநாள் காலையில் அடுப்பு பற்றாமல் டிரைவிங் ஸ்கூல்காரர் புகையோடு மல்லுக்கட்ட, மெய்ப்புக்காரர் குனிந்து ஊதிவிட்டார். "சம்பந்தி, உங்க மூச்சுல குற்றமே இல்லை" என்றார் அவர். இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஒட்டிய சொல்தான் 'சம்பந்தி'. பிறகு வருஷா வருஷம் வந்தார்கள். மகன் போனபின் வருவது நின்றது.

இந்த வருஷம் டிரைவிங் ஸ்கூல்காரரே போன் செய்து, போய்விட்டு வரலாமா என்று கேட்டார். மகன் நினைவாகத்தான் கேட்கிறார் என்று இவர் நினைத்தார். மனைவி அப்படி நினைக்கவில்லை. பையில் கம்பளிச் சட்டையைத் திணித்துக்கொண்டே, "அவர் ஏதோ சொல்லணும்னு வர்றார். வாய்க்கு வாய் திருத்தாம, சொல்ல விடுங்க" என்று மட்டும் சொன்னாள். என்ன என்று கேட்டதற்கு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தவர், வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த கால் அது. ஜீப்காரன் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். நாளை உச்சிப்பொழுதுக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனான்.

கூடாரம் அடிப்பதற்கு மகன் ஒரு முறை வைத்திருந்தான். முதலில் ஆற்றின் கரையில் பழைய வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன சருகு எந்த உயரத்தில் காய்ந்து கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நன்றாக மேலே ஏறி இடம் பார்க்க வேண்டும். பிறகு கூடாரத்தைப் பிரிக்குமுன், வெறும் புல்லில் அவரவர் படுக்கப்போகிற இடத்தில் அப்படியே படுத்துப் பார்க்க வேண்டும். முதுகில் குத்துகிற கல்லைப் பொறுக்கி எறிந்தபிறகுதான் துணி விரியும். மூன்று பேரும் வரிசையாக ஆகாயத்தைப் பார்த்துக் கிடப்பார்கள். "அப்பா, கல்லு?" என்பான். "இல்லை." "மாமா, கல்லு?" "ஒண்ணு இருக்கு, மாப்பிள்ளை முழங்கை."

இன்றைக்கும் இரண்டு பேரும் படுத்துப் பார்த்தார்கள். யாரும் யாரையும் கல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மெய்ப்புக்காரர் இடது ஓரம், அவர் வலது ஓரம். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குப் புல் கிடந்தது. அங்கே கல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க மெய்ப்புக்காரர் கை போனது. போன கையை மடக்கிக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே முளைக்கம்பிகளை எடுக்கப் போனார். கூடாரத்துக்குள் பைகளை வைக்கும்போதும் இருவரும் தத்தம் தலைமாட்டில்தான் வைத்தார்கள். நடுவில் ஒரு டார்ச்சைக்கூட வைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் எடுக்க ஆற்றுக்கு இறங்கினார்கள். பக்கத்திலேயே தண்ணீர் அமைதியாகத் தேங்கி நிற்கிற மடு ஒன்று உண்டு, எப்போதும் அங்கேதான் எடுப்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் அதைத் தாண்டிப் போனார். பாறைகளுக்கு நடுவே ஆறு இடித்துக்கொண்டு விழுகிற இடத்தில் போய் நின்றார். அங்கே பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் அவர் ஏதோ பேசினார். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நீளமாகப் பேசினார். உதடு அசைவது தெரிந்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடர்ந்தார். குடம் எப்போதோ நிரம்பியிருந்தது.

மெய்ப்புக்காரர் அருகில் போய், "கேக்கல, என்ன சொன்னீங்க?" என்று கத்தினார்.

அவர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. "ஒண்ணுமில்லை" என்று அவரும் கத்தினார். "தண்ணி ஜில்லுனு இருக்குன்னேன்."

அத்தனை நீளத்துக்கு ஜில்லென்று தண்ணீர் எங்கேயும் இருக்காது.  உறவை முறித்துக்கொள்ளத்தான் இந்த மனிதர் இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறார் என்று மெய்ப்புக்காரருக்குத் தோன்றியது. இனி ஞாயிற்றுக்கிழமை போன் வராது. நாலு பேர் நடுவில் சொல்லக் கூச்சப்பட்டு, மகன் சேர்த்துவைத்த இடத்திலேயே வைத்துப் பிரித்துவிடலாம் என்று வந்திருக்கிறார். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மேட்டில் ஏறினார். ரொட்டியைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். உப்பு கம்மி என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்றார் மற்றவர்.  படுத்த இடத்தில் ஒருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு துணிச்சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார்கள். நடுவில் வேலி இருந்த காலத்தில்கூட இவ்வளவு தள்ளிப் படுத்ததில்லை.

காலையில் டீ போட்டது மெய்ப்புக்காரர். அடுப்பு உடனே பற்றிக்கொண்டது, ஊதவேண்டிய வேலையே இல்லை. அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, எதிரே கல்லில் உட்கார்ந்தார். மனைவி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் இதற்குமேல் பொறுக்கவும் முடியவில்லை.

"நேத்துலேர்ந்து ஒரு தடவைகூட என்னை சம்பந்தின்னு கூப்பிடல நீங்க."

டிரைவிங் ஸ்கூல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "கூப்பிடலாமா வேண்டாமான்னு தெரியலைங்க. வாய் வரைக்கும் வருது."

"ஏன் தெரியாம போச்சு?"

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு கால் கட்டை விரலைப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒரு இடம் வந்திருக்கு."

இடம் என்ற சொல் மட்டும் மெய்ப்புக்காரர் காதில் நின்றது.  ஆற்றுச் சத்தம் திடீரென்று அதிகமானது மாதிரி இருந்தது.

மேற்கொண்டு அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவளோடு வேலை பார்க்கிறவர். நல்ல மாதிரி. அவராகத்தான் வீட்டுக்கு வந்து கேட்டார். அவள் முதலில் முடியாது என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாள். அதைச் சொல்லத்தான் டிரைவிங் ஸ்கூல்காரரும் நேற்றிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். 'மாமா சரின்னு சொன்னாத்தான். அவர் முகம் சுளிச்சா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக்கூடாது.'

"ஆத்தங்கரையில சொல்லிட்டேங்க" என்றார். "உங்களுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கணும்ல. உங்க மனசுல என்னத்த எடுத்து வைக்கறேன்னு எனக்குத் தெரியாதா. அவன் எனக்கும் பிள்ளைதானே."

மெய்ப்புக்காரர் எழுந்து மடுவை நோக்கி நடந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் பின்னால் வரவில்லை. மடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குனிந்து முகத்தைக் கழுவினார். கழுவிய பின்னும் முகம் நனைந்துகொண்டே இருந்தது. இவர் பயந்தது போலப் பிரிக்க வந்த பேச்சு இல்லை இது. இவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் போதும், எல்லாம் இப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். 'மாமா, சாப்பிட்டீங்களா?' வரும். அவளும் அப்பா வீட்டில் ஓர் அறையில் அப்படியே இருப்பாள், வயது ஏறிக்கொண்டே போகும். அச்சகத்தில் ஒருவர் விட்டுவிட்டுப் போன பக்கத்தை இன்னொருவர் முடிக்காமல் வைத்திருந்தால் இவர்தான் முதலில் சத்தம் போடுவார். அவளை மட்டும் முடிக்காமல் வைத்திருக்கலாமா? வைத்திருக்கலாம் என்றுதான் மனசு சொன்னது. அது சொன்னதில் இவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சட்டென்று அடங்கவில்லை. வெயில் எதிர்ப்பாறையில் இறங்கி, மடுவைத் தொடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தபோது டிரைவிங் ஸ்கூல்காரர் அதே கல்லில், ஆறிப்போன டீயோடு இருந்தார். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துல நான் எந்தப் பக்கம் உக்காரணும்?" என்றார் மெய்ப்புக்காரர்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "பொண்ணு வீட்டுப் பக்கம்" என்று விரல் இடுக்கிலிருந்து சத்தம் வந்தது. "எங்க பக்கம். எனக்குப் பக்கத்துல."

"பத்திரிகை நான்தான் புரூஃப் பாப்பேன்."

அவர் அழுதுகொண்டே சிரித்தார். "ஐயோ வேண்டாங்க. போன தடவை வந்த குற்றமே இன்னும் எங்க சொந்தக்காரன் வாயில இருக்கு."

மெய்ப்புக்காரரும் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. பாப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்கிறேன் என்றார். அவள் முதலில் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும், குரல் உடையாமல்.

ஜீப் வருகிற நேரமாகிவிட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு டிரைவிங் ஸ்கூல்காரர் முன்னால் பாதைக்குப் போனார். மெய்ப்புக்காரர் முளைக்கம்பிகளைப் பிடுங்கி, கூடாரத்தைச் சரித்து, துணியைச் சுருட்டி எடுத்தார். அடியில் இருந்த புல் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் நசுங்கி, நிறம் மங்கி, ஆள் கிடந்த அச்சு அப்படியே இருந்தது. நடுவில் மட்டும், துணி அமுக்கியது தவிர ஒன்றும் ஆகாத புல் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நேற்று மடக்கிக்கொண்ட கையை நீட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கல் எதுவும் இல்லை.

மேலே பாதையில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"சம்பந்தி!" என்று பழக்க தோஷத்தில் கூப்பிட்ட குரல், கூப்பிட்ட பிறகு தயங்கி நின்றது. அதைத் திருத்த இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

மெய்ப்புக்காரர் புல்லிலிருந்து கையை எடுத்தார்.

பார்வையை எடுக்காமலே, "வரேன்" என்றார்.

தமக்குத்தான் பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, டிரைவிங் ஸ்கூல்காரர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.