பொற்கொடி வீட்டுக்குப் போகும் ஒயர்

கோவை கணபதியில் கிருபாசங்கர் குடியிருந்த போர்ஷனில் இருந்தது ஒரே ஹால். அதிலும் அவன் இருப்பதில்லை. பம்ப்செட் கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிப்போட்டு, சுவரோரமாகவே நடந்து சமையலறைக்குப் போய்விடுவான். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. சாப்பிடுவது, போனைப் பார்ப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் அதில்தான். தூக்கம் வந்தால் உள்ளறை. ஹால் வெறும் வழியாகிப் போயிருந்தது.

பங்குனியில் அவன் மனைவி நித்யஸ்ரீயை அந்த ஹாலில்தான் கிடத்தியிருந்தார்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தாள். துபாயிலிருந்து அவள் அண்ணன் வந்து சேரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். பெட்டியோடு வந்தவர் பிளக் எங்கே என்று கேட்டார். டிவிக்குக் கீழே ஒரு பாயிண்ட் இருந்தது. அதில் மாட்டியிருந்ததை யாரோ பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டியை மாட்டினார்கள். அது உறுமத் தொடங்கியது. யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. அந்த உறுமல் நினைவிருந்தது. அந்த பாயிண்டும் நினைவிருந்தது. ஹாலுக்குள் போனால் கண் அங்கேதான் போகும். அதனால் போவதில்லை. அவனாக இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொற்கொடி வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

பக்கத்துப் போர்ஷன். இரண்டு வீட்டு ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர். பொற்கொடி ஒரு மில் கேன்டீனில் சமையல் வேலைக்குப் போகிறவர். அவருடைய கணவர் பிரான்சிஸ் லேத் பட்டறையில் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயின. சிரிப்பு மட்டும் தப்பியது. நல்ல நாளில் அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். பொற்கொடி காலையில் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை அவர் தனியாகக் கட்டிலில் கிடப்பார்.

பொற்கொடி ஒரு தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்திருந்தார். காற்றைப் பற்றிச் சொன்னார். மொட்டை மாடியில் காயப்போட்ட துணி நாலாவது வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அவன் இளைத்துப்போனதைப் பற்றிச் சொன்னார். வந்த காரியத்தை மட்டும் சொல்லவில்லை. அவன் தூக்குப்போசியை வாங்கிக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போதும் அவர் போகாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க அக்கா."

"அந்த டிவி ஒயர நாங்களே கழட்டிக்கட்டுங்களா? உங்க ஊட்டுக்குள்ள வந்துதான் கழட்டோணும். அதான் ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் செய்யலாம்னு."

அவனுக்குப் புரியவில்லை. எந்த ஒயர் என்று கேட்டான். கேட்டு முடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

"உங்க டிவி ஓடலீங்களா?"

"பங்குனியிலிருந்தே ஓடலீங்க. துக்க ஊடு, டிவி எதுக்குன்னு நிறுத்தியிருப்பீங்க. சரிதானுங்களே. நாங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"ஏன்க்கா சொல்லல?"

"எப்படீங்க சொல்றது? அம்மணி அங்க கெடக்குது, நான் வந்து படம் வர்லைன்னு நிக்கறதுங்களா? அப்பறம் நாள் போயிருச்சு. நாள் போனதுக்கப்பறம் கேட்டா, இத்தன நாளா மனசுலயே வச்சிருந்தாப்பல ஆயிருமுங்க."

பொற்கொடி குரலை இறக்கிக்கொண்டார்.

"கேபிள்காரனக் கூப்புடலாமுன்னா இவுரு ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. கெடக்கற ஒயரப் பாத்துப்போட்டு தெனமும் எடது கைய நீட்டறாரு. அந்த ஒயரே இல்லைன்னா மறந்துருவாருன்னுதான்."

கழற்ற வேண்டாம், நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினான். காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் அந்த பாயிண்டில் இருந்தது.

ஃப்ரீ டிஷ் வாங்கியது நித்யஸ்ரீதான். ஒரு முறை டிஷ் குடையையும் செட்டாப் பெட்டியையும் வாங்கிவிட்டால் மாதாமாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். தமிழ்ச் சேனல்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் வரும், மற்றதெல்லாம் இந்தியும் போஜ்புரியும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. அவள் மாடியில் நின்று குடையைத் திருப்ப, அவன் ஹாலிலிருந்து சிக்னலைப் பார்த்துக் கத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. வந்துச்சு, போச்சு, வந்துச்சு, இன்னும் கொஞ்சம், போச்சு. அப்போதுதான் பிரான்சிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தார். அவர்களுக்கும் ஒரு பெட்டி வாங்கி, ஓர் ஒயர் இழுத்துக் கொடுத்துவிடலாம் என்றாள்.

அவன் கம்பெனியிலிருந்து டிரில்லிங் மெஷின் கொண்டுவந்தான். பிட்டைத் தவறாக எடுத்துவந்துவிட்டான். ஒயருக்குப் போட வேண்டிய துளை மூன்று விரல் நுழையும் பொந்தாகி, அந்தப் பக்கம் ஒரு கூடைக் காரை பெயர்ந்து விழுந்தது. கட்டிலில் கிடந்த பிரான்சிஸ் பொந்தைப் பார்த்தார், மெஷினோடு நின்ற கிருபாசங்கரைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். நோய் விழுந்த பிறகு அவர் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான் என்று சொல்லிப் பொற்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் துளையைப் பூச நித்யஸ்ரீ விடவில்லை.

டிஷ் ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாட்டியதும் அவன்தான். குடையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புக்கு மின்சாரம் பெட்டியிலிருந்துதான் ஏற வேண்டும். அந்த ஸ்ப்ளிட்டரில் ஒரு வாய் வழியாகத்தான் அது ஏறும். அந்த வாயில் மாட்டியிருந்தது கிருபாசங்கர் வீட்டுப் பெட்டி. நம் பெட்டி ஓடினால்தான் அவர்கள் டிவி ஓடும் என்று நித்யஸ்ரீயிடம் அவனே சொல்லியிருந்தான். அன்றே அவள் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து அந்த பாயிண்டின் சுவிட்சின் மேல் ஒட்டினாள், யாரும் கைமறதியாக அணைத்துவிடக் கூடாது என்று. ஒரு விடுமுறைக்கு வால்பாறை போனபோதுகூட வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பொற்கொடி போனதும், இருட்டுவதற்குள் அவன் ஹாலுக்குப் போனான். விளக்கைப் போட்டான்.

டிவிக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் போர்டின் ஒயர் தூசி படிந்து கிடந்தது. அதன் பிளக் தரையில் மல்லாந்திருந்தது. பிளாஸ்திரியை உரித்த கை அதைச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐஸ் பெட்டிக்கு அவசரம்.

அவன் பிளக்கை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தான். மிக்ஸி பாயிண்ட் அங்கே இருந்தது. ஒயர் ஒரு முழம் எட்டவில்லை. பெட்டியை டிவி ஸ்டாண்டிலிருந்து நகர்த்தினான். இப்போது டிஷ் ஒயர் எட்டவில்லை. கடையில் நீளமான போர்டு கிடைக்கும். கடை திறந்தேதான் இருக்கும். நாளைக்கு வாங்கலாம் என்று நினைத்தான். பிறகு, பங்குனியிலிருந்து எத்தனை நாளை அப்படி நாளைக்கு என்று விட்டிருக்கிறோம் என்று நினைத்தான். சுவருக்கு அப்பால் ஒரு மனிதர் இடது கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தான். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். பாயிண்டைப் பார்க்காமல் மாட்ட முயன்றான். பிளக் இடம் தவறிச் சுவரில் முட்டியது. வேறு வழியில்லாமல் பார்த்தான். சாதாரண பாயிண்ட். ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. மாட்டினான். சுவிட்சைத் தட்டினான்.

உறுமல் எதுவும் வரவில்லை. பெட்டியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது பச்சையானது. அவ்வளவுதான்.

டிவியை அவன் போடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தெடுத்துச் சுவிட்சின் மேல் வைத்து அழுத்தினான். பசை போயிருந்தது. ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் விரலால் பிடித்துக்கொண்டிருந்தான்.

துளையில் துணி அடைத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அடைத்தது. காரியம் முடிந்த சமயத்திலேயே அவன் அதைப் பார்த்திருந்தான். சாவு வீட்டுக் காற்று அண்ட வேண்டாம் என்று அடைத்துவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டான். இப்போது சுவரை விரல் முட்டியால் தட்டினான்.

"அக்கா, டிவியப் போடுங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம். ரிமோட்டைத் தேடும் சத்தம். பிறகு மத்தளமும் கிளாரினெட்டும் கலந்து ஒரு பாட்டு, சுவரே அதிரும்படி. பொற்கொடி சத்தத்தைக் குறைத்தார். துணி மெல்ல இழுபட்டு, துளை வழியாக வெளிச்சம் வந்து அவன் முழங்காலில் விழுந்தது.

"வந்துருச்சுங்க தம்பி."

"துணி எதுக்குங்க அக்கா அடைச்சீங்க?"

"இவுரு ராவெல்லாம் அனத்துவாருங்க. உங்களுக்குக் கேக்குமேன்னு."

அவன் சரி என்றான். எழுந்து போகலாம். சமையலறையில் நாற்காலி இருக்கிறது. ஆனால் படத்தில் பாட்டு முடிந்து இருவர் சண்டை போடத் தொடங்கினார்கள். போஜ்புரிப் படம். நித்யஸ்ரீயும் பொற்கொடியும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைச் சுவருக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பார்கள். இருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. நித்யஸ்ரீதான் துளையில் வாயை வைத்து அந்தப் பக்கத்துக்கு வசனம் சொல்வாள், முழுக்கப் பொய்யாக. படத்தில் மீசைக்காரன் ஒருவன் கொலை செய்யக் கிளம்பினால், ரேஷனில் பருப்புப் போடுகிறார்களாம், பையை எடு என்கிறான் என்பாள். பிரான்சிஸ் கட்டில் ஆடச் சிரிப்பார். கிருபாசங்கர் புனேயில் பீகார் ஆட்களோடு இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அந்தப் பேச்சு முக்கால்வாசி அவனுக்குப் புரியும். நிஜத்தைச் சொல்ல அவன் வாயெடுத்தால், நீங்க பேசாம இருங்க, கதை தெரிஞ்சா நல்லாயிருக்காது என்று அவன் வாயைப் பொத்துவாள்.

சுவருக்கு அப்பால் படத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு ஏதோ சொன்னாள். ஒரு ஆள் அதட்டினான். பொற்கொடி துளைக்குப் பக்கத்தில் வந்து நின்றது நிழலில் தெரிந்தது.

"படம் ஓடுதுங்க. என்னன்னுதான் தெரியல. உங்களுக்கு அந்தப் பாசை தெரியுமுன்னு அம்மணி சொல்லுமே. என்னவாம்?"

அந்தப் பெண் தன் தாலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் நிலத்தை எழுதிக் கொடு என்றான். கிருபாசங்கர் அதைச் சொல்ல வாயெடுத்தான். வாயைப் பொத்த ஆள் இல்லை.

துளைக்கு நேராகக் குனிந்தான். சுவரில் பழைய காரை வாசம் அடித்தது.

"இட்லி மாவு புளிச்சுப் போச்சாம், அதுக்கு அழுகுறா. அவன், பணியாரம் சுட்டுப்போடு, எதுக்கு அழுகறங்கறான்."

சுவருக்கு அப்பால் சத்தமில்லை. படத்தில் கதவு அறைந்து சாத்தப்பட்டது. தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தான். நித்யஸ்ரீ சொல்லும்போது குரலை அந்தந்த ஆளுக்குத் தகுந்தாற்போல மாற்றுவாள். அவன் கம்பெனி ரிப்போர்ட்டைப் படிப்பது போலச் சொல்லியிருந்தான்.

பிறகு கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. பிரான்சிஸ் சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. இருமலோடு கலந்து, நடுவில் நின்று, மறுபடி வந்த ஒரு சிரிப்பு.

"அம்மணி இன்னும் நல்லாச் சொல்லுமுங்க," என்றார் பொற்கொடி.

"ஆமாங்க அக்கா."

பங்குனிக்குப் பிறகு அவளைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. துணியைப் பொற்கொடி திரும்ப அடைக்கவில்லை.

டிவி கறுப்பாக இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பாயிண்டுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். துளைக்கு அப்பால் படத்தில் அந்தப் பெண் மறுபடி அழத் தொடங்கினாள். அப்பறம் என்னவாமுங்க என்று கேட்டார் பொற்கொடி. நித்யஸ்ரீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவன் யோசித்தான்.