ஐந்தாம் கம்பிக்குப் போன மரம்

சர்வேயர் ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவருடைய வலது கால் ஓய்வு பெற்று இரண்டு வருடம். அதிலிருந்து அவருடைய ஆட்சி எல்லை மூன்றாம் மாடியின் ஒரே ஒரு ஜன்னலுக்குள் சுருங்கிவிட்டது. சக்கர நாற்காலியை அங்கே நிறுத்தி பிரேக்கைப் போட்டால், சாலைக்கு அப்பால் ஓர் ஊதாப் பூ மரம். இலை தெரியாமல் பூத்துக்கிடக்கும். அதைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் அவர் யாரையும் குறை சொல்வதில்லை.

ரசிப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் மரம் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறிப்பார், பிறகுதான் ரசிப்பார். ஜன்னலில் ஏழு கம்பிகள். திங்கட்கிழமை மரம் மூன்றாம் கம்பிக்கு நேரே நின்றது. புதன்கிழமை நான்கு. வெள்ளிக்கிழமை ஐந்து.

மரம் நடக்காது. நாற்காலியும் நகராது, பிரேக்கை அவரே தொட்டுப் பார்த்துவிட்டார். தான் நிற்கும் இடம் அசையாது என்று நம்பித்தான் அவர் ஊரில் பாதிப் பேருக்கு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார். மிச்சம் இருப்பவை இரண்டு: கட்டடம், அல்லது தன் தலை.

தலை என்றால் ஆபத்து. காலோடு தலையும் குழம்பினால் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவதாக மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் ஒரு குழாய். எவ்வளவு தண்ணீர் போனாலும் குழாய் பூக்காது.

ஆகவே திரும்புவது கட்டடம்தான் என்று முடிவு செய்து, குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு முறைப்படி போனில் தெரிவித்தார். செயலாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கையோடு மகளுக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே மகள் வந்துவிட்டாள். கிழமை கேட்டாள், பேரன் படிக்கும் வகுப்பைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கடைசியில் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"மரம் நகருதாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மரம் மிஞ்சும். ஆனால் அளவில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"மரம் பாவம்மா, அங்கேயேதான் இருக்கு. நாமதான் திரும்பறோம்."

மகள் அலமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். நாற்காலிக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முழங்கால் மடங்காது. வாய்க்கு அந்தக் குறை இல்லை.

"சட்டையை வைடி. நான்தான் தள்ளினேன்."

மத்தியானம் அவர் நாற்காலியிலேயே தூங்கும்போது கைத்தடியால் பிரேக்கை எடுத்து, நாற்காலியை ஓர் அங்குலம் தள்ளி, மறுபடி பிரேக்கைப் போட்டுவிடுவாளாம். ஏன் என்று மகள் கேட்டாள்.

"உங்கப்பா மண்டை மறைக்குது."

சர்வேயருக்கு இதுவரை இருந்த குழப்பம் போய், அதைவிடப் பெரியது வந்தது. தன் முதுகுக்குப் பின்னாலிருந்தும் அந்த மரத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நோட்டில் அது எங்கும் இல்லை.

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மொத்தமா நகர்ந்துக்குவீங்க. எனக்குக் கொஞ்சம்தான் வேணும்."

மகள் பையைக் கீழே வைத்தாள். யாருக்குத் தலை குழம்பியிருக்கிறது, யாரைக் கூட்டிப்போவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேறு வழி தெரியாமல் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினாள். அங்கிருந்து ஜன்னல் பாதிதான். அவருக்கு மரத்தின் இடப்பக்கம் கிடைத்தது, மனைவிக்கு வலப்பக்கம்.

"என்னங்க, பூவெல்லாம் கொட்டிப்போச்சு."

"யார் சொன்னது? இப்பதான் பூக்குது."

இருவரும் மகளைப் பார்த்தார்கள். அவள் நடுவில் குனிந்து பார்த்தாள். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் அவளும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.