கூட உட்கார்ந்து ஒரு வாய்

என் மாமனாரைக் கடைத்தெருவில் எல்லோரும் அளவுகோல் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொருத்தமான பெயர்தான். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டினால் நூலளவு கூடாது, குறையாது. பேச்சும் அப்படியே. செத்தாலும் பொய் சொல்ல மாட்டார். "நாளைக்குக் கிடைக்குமா?" என்று யாராவது கேட்டு, அது முடியாத காரியமாக இருந்தால், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அதனாலேயே பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். அதற்கும் அவர் அசரவில்லை.

இந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. என் சமையல் மோசம் என்பதால் அல்ல. என் முதல் புருஷன் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனான். கோர்ட்டுக்கு நடையாய் நடந்து விவாகரத்து வாங்கினேன். பிறகு இவருடைய மகன் என்னைக் கட்டிக்கொண்டார். முதல் புருஷன் உயிரோடு இருக்கும்போது செய்துகொள்ளும் மறுமணம் விபசாரம் என்பது அவர்கள் சபையின் போதனை. இயேசுவே சொன்னது, நாங்கள் யார் மாற்ற என்பார்கள். சபையை நடத்தும் மூப்பர்கள் கூடினார்கள். மனந்திரும்பும்வரை மகனைச் சபையிலிருந்து விலக்கிவைக்க முடிவெடுத்தார்கள். அந்த மூப்பர்களில் என் மாமனாரும் ஒருவர். அறிவிப்பைத் தானே வாசிப்பதாகப் போதகர் சொல்லியும் கேட்காமல், "என் பிள்ளை. நான்தான் வாசிக்கணும்" என்று எழுந்து நின்று வாசித்தாராம்.

விலக்கப்பட்டவனோடு பழகக்கூடாது, உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்று பைபிளில் பவுல் ஒரு சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பழகாமல் எப்படி இருப்பது? கடை ஒன்றுதானே. ஆளுயரக் கண்ணாடியைத் தனி ஆளால் தூக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரே நேரத்தில் அடியெடுத்து வைக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் கை போய்விடும். அப்படிக் காலை முழுவதும் அப்பாவும் மகனும் கண்ணாடி சுமப்பார்கள். மதியம் ஆனதும் அப்பா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, மரச்சட்டங்கள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குப் போய்விடுவார். என் மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் டப்பாவில் இருப்பது அவரே பொங்கிய சோறு. மகன் முன்கடையில் என் சமையலைத் தனியாகச் சாப்பிடுவார். வேலை செய்யக்கூடாது என்று பவுல் எழுதவில்லை, சாப்பிடக்கூடாது என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் மாமாவின் கணக்கு.

வெறுப்பில் செய்தார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மகனுக்குத் தும்மல் வந்தால் இவருக்கு மூக்குச் சிவக்கும். பிள்ளை திரும்பி வரவேண்டும் என்பதற்காகக் கொடுக்கிற மருந்து இது, கசந்தாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நம்பினார். ஆனால் மருந்து வேலை செய்தால் என் கதி என்ன? என் புருஷன் சபைக்குத் திரும்பிப் போவதென்றால் என்னைவிட்டுத்தானே போகவேண்டும்?

ஒருமுறை எனக்கே பொறுக்கவில்லை. துணிமணியை அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் கதவைத் தட்டியது புருஷன் அல்ல, மாமா.

"யாரும்மா உன்னைப் போகச் சொன்னா?"

"நான் போனாத்தானே மாமா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட முடியும்?"

"அவன் மனசு மாறணும்னு ஜெபம் பண்றேன். உன்னை நடுத்தெருவுல விடணும்னு நான் ஜெபம் பண்ணலையே."

"ரெண்டும் ஒண்ணா எப்படி மாமா நடக்கும்?"

"அது எனக்கும் தெரியலைம்மா" என்றார். எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருக்கிற மனிதர் தெரியவில்லை என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"தண்ணியாவது குடிப்பீங்களா? அதுக்கும் தடை இருக்கா?"

"தண்ணியைப் பத்தி எதுவும் எழுதலை." சிரிக்காமல் சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடித்தார். என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றினார். அன்றிலிருந்து அவரை வெறுக்க என்னால் முடியாமல் போயிற்று. முழுசாக வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுக் கோளாறு வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணாடியைப் பாதி வழியில் இறக்கிவைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, இதயமே வீங்கியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்தாலும் பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் படிக்கத் தெரியாதவரா அவர்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதற்குமேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அப்பா, இன்னைக்கு என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. நாளைக்கு எப்படியோ."

கல்யாணமான நாளிலிருந்து மனசுக்குள் வைத்திருந்ததை அன்றுதான் வாய்விட்டுக் கேட்டார். மாமாவின் உதடு துடித்தது. "சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு. இதோ வந்துடறேன்" என்று வேகமாக வெளியே போனார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன்.

அக்கா வீட்டிலிருந்து சோறும் வறுத்த மீனும் வந்திருந்தது. இரண்டு தட்டில் போட்டேன். மாமாவைக் காணவில்லை.

"ஆறிப்போகுதுங்க. நீங்க ஆரம்பிங்க."

"அப்பா வரட்டும்."

"இத்தனை வருஷம் வராதவர் இன்னைக்கா வரப்போறார்?"

"வருவார். முகத்தைப் பாத்தேன்ல."

காலையிலும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு வாயாவது சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன், திட்டினேன். "கொஞ்சம் இரேன், நீ வேற" என்று சிரித்தார். கடைசியில் நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். இன்னும் ஐந்து நிமிஷம் கொடு என்று அவளிடம் மல்லுக்கு நின்றேன். அவள் என்ன செய்வாள், அவளுடைய வேலை அது. இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன கையோடு மாமா உள்ளே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச மூச்சு வரவில்லை.

"டைம் முடிஞ்சிடுச்சாம்பா" என்றார் மகன். "பரவால்ல விடுங்க. ஆபரேஷன் முடியட்டும். ரெண்டு வேளைச் சாப்பாட்டை ஒண்ணா வச்சு வெளுத்துக் கட்டலாம்."

மாமா அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். எங்கே போனார் என்று சொல்லவில்லை. மறுநாள் தியேட்டருக்குள் போனவர் திரும்பவில்லை.

மாமா எங்கே போனார் என்பதை அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் போதகர்தான் சொன்னார். அனுமதி கேட்டு அவரிடம் போயிருக்கிறார். பலபேர் கூடிப் போட்ட பூட்டை ஒருவனாகத் திறக்கக் கூடாது என்பது அவருடைய மனசாட்சி. போதகரோ யாரோ நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். மாமா சபைப் படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாராம்.

"விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சும்மா" என்றார் போதகர். "சபை விலக்கம் சபைக்குத்தான். அப்பன் பிள்ளை உறவை யாரால விலக்க முடியும்? தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசம் இல்லாதவனைவிட மோசம்னு அதே பவுல்தானே எழுதியிருக்கார்? மகனோட சாப்பிடாதீங்கன்னு நாங்க யாரும் சொல்லவே இல்லை. போங்க பெரியவரே, ஓடுங்கன்னேன். நிஜமாவே ஓடினார்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"அவர் சாப்பிடாம இருக்கார்னே எங்களுக்குத் தெரியாதும்மா."

போதகரின் கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. போதகர், மூப்பர்கள், மாமா என்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும்போல் வெறி வந்தது. யாரும் சொல்லாத தடை அது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கண்ணாடியைத் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கிற மனிதருக்கு இதை ஒருதரம் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே!

அவருக்காக ஒரு வாக்கியத்தை மனசில் தயார் செய்து வைத்தேன். உங்களுக்காகக் காத்திருந்தே உங்கள் பிள்ளை பட்டினியாகப் போனார். நேரம் பார்த்துச் சொல்லி, அவர் துடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஆமாம், அவ்வளவு கோபம் எனக்கு.

சில நாள் கழித்து ஒரு மதியம் மாமா வாசலில் வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார்.

"சாப்பாடு இருக்காம்மா?"

உள்ளே வரச்சொன்னேன். மேஜையில் தட்டு வைத்துப் பரிமாறினேன். கண்ணை மூடி ஜெபம் செய்தார். சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அன்னைக்கு அவன் சாப்பிட்டானாம்மா?"

என் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. தட்டிலிருந்த கையைப் பார்த்தேன். விரலெல்லாம் கண்ணாடி கீறிய பழைய தழும்பு. அந்தக் கை இன்னும் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டார் மாமா."

"என்ன சாப்பிட்டான்?"

"மீன். ரெண்டு துண்டு. சோறு இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

அவர் தலை நிமிரவில்லை. "நர்ஸ் தட்டோட வெளியில வந்தப்போ நான் வாசல்லதான்மா நின்னேன்" என்றார். "ரெண்டு தட்டும் வச்சது வச்சபடி இருந்துச்சு."

அவருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"இருந்தாலும் சொல்லும்மா" என்றார். "இன்னொரு தடவை சொல்லு. நான் சாப்பிடறேன்."

"வயிறு நிறையச் சாப்பிட்டார் மாமா" என்றேன்.

மாமா முதல் வாய்ச் சோற்றை வாயில் வைத்தார்.