அடியில் போன பை

அவள் கணவரின் சட்டைக் காலரை மூன்றாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தாள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு உடுத்த வேண்டிய சட்டை.

ரோடு இல்லாத மேட்டு ஊர்களுக்கு மருந்து ஏற்றிப் போகும் ஜீப்பை அவள் கணவர் ஆறு வருஷமாக ஓட்டினார். கூடவே போகிறவள் இந்த நர்ஸ். நேற்று ஓடையிலிருந்து உயிரோடு திரும்பியவளும் இவள்தான்.

“சக்கரம் மணல்ல இறங்கிடுச்சு அண்ணி. தண்ணி முட்டிக்குக் கீழதான். ‘நீ கரைக்குப் போம்மா, கயித்த மரத்துல கட்டி இழுத்துடலாம், பத்து நிமிஷ வேலை’ன்னார். பின்கதவைத் திறந்தா கயித்துப் பை அங்க இல்ல.”

“எப்படி இல்லாம போகும்?” என்றார் மாமியார். “கதவுலயே வார் போட்டு மாட்டியிருப்பானே. கயிறு, கொக்கி, மண்வெட்டி எல்லாம் கைக்கெட்டுற மாதிரி.”

“அடியில கெடந்துச்சும்மா. அத்தனை மருந்துப் பெட்டிக்கும் அடியில. ஒண்ணொண்ணா இறக்கிக்கிட்டே இருந்தார். மேல எங்கயோ மழை போல. திடீர்னு தண்ணி கலங்கி…” நர்ஸ் நிறுத்தினாள். “ஏண்ணா அங்க வச்சீங்கன்னு கத்தினேன். ‘எல்லாம் என் சோம்பேறித்தனம்’னு சிரிச்சார்.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளும் அவரும் அதே ஜீப்பில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்ததும் பையிலிருந்த சேறு அவளுடைய புதுத் துணியில் ஈஷிக்கொண்டது. “இந்தக் கருமத்தக் கண்ணுல படாம எங்கயாச்சும் தள்ளுங்களேன்” என்று எரிந்து விழுந்தாள். அவர் பையைக் கழற்றி ஜீப்பின் தரையோடு தரையாகத் தள்ளினார். திங்கள் விடியற்காலையில் ஆட்கள் பெட்டிகளை அதன் மேல் அடுக்கியிருக்க வேண்டும்.

நர்ஸ் முகம் கழுவப் பின்பக்கம் போனாள். வாசலில் நின்ற ஆஸ்பத்திரி ஆட்களின் பேச்சு உள்ளே வரைக்கும் கேட்டது.

“இத்தனை வருஷ டிரைவர், கயித்த யாராச்சும் அடியில போடுவானா? அஜாக்கிரதை, வேறென்ன.”

மாமியார் அலமாரியிலிருந்து வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்து உதறினார். ஒரு முனையை அவளிடம் நீட்டினார். கூடத்துக் கட்டிலின் இருபுறமும் இருவரும் நின்றார்கள்.

“கேட்டியா? எம்புள்ளைக்கு இந்தப் பேரா? அவனும் அப்படியேல்ல சொல்லிட்டுப் போயிருக்கான்…”

“அவர் வைக்கல அத்தை.”

மாமியார் நிமிர்ந்தார்.

“நான்தான் தள்ளி வைக்கச் சொன்னேன். துணியில சேறு பட்டுச்சுன்னு. மாட்டணும்னு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். நான் மறுபடி கத்துவேன்னு விட்டிருப்பார்.”

விரிப்பு கட்டிலுக்கு மேல் இழுபட்டபடி நின்றது.

தெருமுனையில் வண்டி திரும்பும் ஓசை கேட்டது. வாசலில் நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

மாமியார் குனிந்து தன் பக்கத்து ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். பிறகு கட்டிலைச் சுற்றி வந்தார். அவள் விரல்களிலிருந்து மறுமுனையை விடுவித்து, அதையும் தானே செருகி, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.