கேப்டன் வீட்டு வெள்ளைச் சுவர்

கேப்டன் வீட்டின் கடல் பக்கச் சுவர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அந்தக் கடலோர ஊரில் வேறு எவனுக்குத் தெரியாமல் போனாலும் எம்லினுக்குத் தெரியும். பதினாறு வயதில் அண்ணன் இத்வாலின் படகில் நண்டு பிடிக்கும் கூடுகளைத் தூக்கப் போனவன். கடலிலிருந்து திரும்பும்போது அந்த வெள்ளைச் சுவருக்கு நேர் மேலே சேப்பல் என்ற சிறு தேவாலயத்தின் கோபுரம் வந்து நிற்க வேண்டும். அந்த நேர்கோட்டிலேயே படகை விட்டால் பத்திரமாக ஆற்றுவாய், கொஞ்சம் விலகினால் மணல்திட்டு. இத்வாலின் படகில் வழிகாட்டும் மின்னணுத் திரை ஒன்றும் இருந்தது. அதன்மேல் அவர் தொப்பியைக் கழற்றி மாட்டி வைப்பார்.

தெரிந்தும்தான் எம்லின் அந்தச் சுவருக்குக் கருஞ்சாம்பல் நிறம் அடித்தான். கேப்டன் வீடு விடுதியாகி, விடுதி இப்போது கோடைக்காலக் குடியிருப்பாகிறது. எம்லினுக்குப் பெயின்ட் வேலைதான் பிழைப்பு.

எதிரே பொரித்த மீன் கடை வைத்திருக்கும் மென்னா வாசலில் வந்து நின்றாள்.

"நல்லா இருந்த சுவருல மழைமேகத்தைப் பூசிக்கிட்டு இருக்கே?"

"வீட்டுக்காரன் கேட்ட நிறம். லண்டன்ல எல்லாம் இதுதானாம்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து இத்வால் ஒரு மாதமாக மகள் வீட்டில், வேறு ஊரில் இருந்தார்.

"ஊர் வாய் சும்மா இருக்குமா? யாராவது சொல்லுவாங்க."

"இன்னும் பேச்சு வார்த்தை இல்லையா? உங்க ரெண்டு பேர் வீம்பையும் அரைச்சு மீன் மேல தூவினா எனக்கு உப்பே வேணாம்."

வீம்புதான், வேறென்ன. இரண்டு வருஷத்துக்கு முன் சேப்பலை விற்பதா வேண்டாமா என்று கூடியபோது சபையில் மிச்சமிருந்தவர்கள் ஒன்பது பேர். விற்கலாம் என்று கை தூக்கிய ஐந்து பேரில் எம்லினும் ஒருவன். கூரை ஒழுகுகிறது, பாட ஆளில்லை, என்ன செய்ய? இத்வால் எழுந்து போனவர்தான், அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கோபுரம் மட்டும் நிற்கிறது, கீழே யாரோ வாரக்கடைசியில் வந்து தங்குகிறார்கள்.

அன்று சாயங்காலம் எம்லின் தொலைபேசியைக் கையில் எடுத்தான். எடுத்தவன், 'முதலில் நான் ஏன் பேச வேண்டும்' என்று கீழே வைத்தான். பாழாய்ப்போன கை, அந்த ஒரு எண்ணை அழுத்தியிருக்கக் கூடாதா?

இத்வால் சனிக்கிழமை இருட்டிய பிறகு வீடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை விடியுமுன் கடலுக்குப் போனார். மத்தியானம் தூறலும் மூட்டமுமாகக் கரை மங்கிவிட்டது. மூன்று மணிக்கு மீட்புப் படகு கிளம்பிய சத்தம் கேட்டு எம்லின் துறைக்கு ஓடினான். நாற்பது வருஷத்துப் படகு மணல்திட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. முழங்கால் நொறுங்கிய அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எங்க யாருக்கும் சொல்லத் தோணல எம்லின்," என்றாள் மென்னா. "தம்பி அடிச்ச சுவரு, தம்பி சொல்லாமலா இருப்பான்னு இருந்துட்டோம்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் எம்லின் கட்டிலருகே நின்றான்.

"உக்காருடா," என்றார் இத்வால். "இனிமே கடல் கிடையாதுன்னுட்டாங்க."

"அண்ணே, அந்தச் சுவரு..."

"தெரியும். நம்மூரு நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு." அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "கோபுரம் தெரிஞ்சுது. வெள்ளையும் ஒண்ணு தெரிஞ்சுது, ஆனா வழக்கத்தைவிட வடக்கால தள்ளி. அது வேற யாரோ வீடாம். நான் என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சு, அதுக்கு மேல கோபுரத்தை வச்சே வந்தேன். சுவரு மாறியிருக்கும்னு தோணவே இல்லடா. மாறியிருந்தா, என்ன சண்டைன்னாலும் நீ சொல்லியிருப்பியே."