காப்பாற்றக் கூடாத குடுவை

"இன்னைக்காவது செத்துச்சா?"

மற்ற வீடுகளில் கணவன் போன் செய்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பான். ஆய்வகத்தில் இருக்கும் அவளிடம் கணவர் தினமும் இதைத்தான் கேட்பார், அதுவும் தன் செருப்புக் கடையில் நின்றுகொண்டு. வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அசரமாட்டார்.

சாக வேண்டியவை புற்றுநோய் செல்கள். நம் உடம்புச் செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் கொஞ்சம் தேயும், சோப்புக்கட்டி போல. தேய்ந்து தீர்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். புற்றுநோய் செல் பலே கில்லாடி. டெலோமரேஸ் என்ற நொதியை எழுப்பிவிட்டு, தேய்ந்த நுனியை நீட்டிக்கொண்டே இருக்கும். அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்தைத்தான் அவள் ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மருந்து போட்ட மறுநாளே எதுவும் சாகாது. மிச்சமிருக்கும் நுனி தீரும்வரை செல்கள் கும்மாளமாகத்தான் வளரும். பார்ப்பவர்களுக்கு மருந்து தோற்றுவிட்டதாகவே தோன்றும்.

துறைத்தலைவிக்கும் அப்படித்தான் தோன்றியது. மாதக் கடைசிக்குள் ஏதாவது காட்டாவிட்டால் செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் அவளுடைய தட்டு வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். தட்டு போனால் ஆராய்ச்சியும் போனதுதான்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல். செல்கள் வளரும் குடுவைகளைப் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு விடுப்பில் போனாள். வாடிய செல்களை எப்படியாவது தேற்றிவிடுவார் என்பதால் அவருக்கு வைத்தியர் என்று பெயர். மருந்தைத் தவறாமல் போடச் சொன்னவள், செல்கள் சாகத்தான் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

திரும்பி வந்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள். மருந்துக் குடுவையில் செல்கள் கொழுகொழுவென்று நிறைந்திருந்தன. மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

"கவலையே படாதீங்க மேடம்," என்றார் வைத்தியர் பெருமையாக. "நீங்க போனதும் இதுங்க ஊதிப்போய், ஒண்ணொண்ணா கழண்டு மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. தீனி மாத்தினேன், சத்துக்கு சீரம் கூட்டினேன், ஒண்ணும் நடக்கல. என் கையில செத்துச்சுன்னு ஆகிடக் கூடாதேன்னு ஃப்ரீசர்ல இருந்து புதுசு எடுத்து வளர்த்துட்டேன்."

"பழசு?"

"ப்ளீச் ஊத்திக் கொட்டியாச்சு."

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"பக்கத்துல மருந்து போடாத குடுவை இருந்துச்சே, அது?"

"அது ஜம்முனு இருந்துச்சு. அதே தீனிதான் போட்டேன்."

"அப்போ கொன்னது மருந்துதான். கிளம்புங்க. இதை அப்படியே பெரிய மேடம்கிட்ட சொல்லணும்."

துறைத்தலைவி முழுவதையும் கேட்டார். "நம்ம வைத்தியராலயே தேத்த முடியலையா?" என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு தலையை ஆட்டினார். "வாய்ச்சொல் போதாதும்மா. படம் வேணும்."

"மருந்து போட்டுட்டு இருந்தப்போ நடுவுல நான் உறைய வெச்ச குப்பி ஒண்ணு இருக்கு மேடம். பாதி தேஞ்ச செல்லுங்க. அதுல இருந்து மறுபடி வளர்த்துப் படம் எடுத்துடுவேன். தட்டை மட்டும் எடுக்காதீங்க."

"அதுவும் போச்சுன்னா?"

"முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். மருந்து வேலை செய்யுது மேடம். பார்க்காம விடமாட்டேன்."

அவர் இன்னும் இரண்டு மாதம் கொடுத்தார்.

உறைந்த செல்லை எழுப்புவது லேசான காரியமில்லை. பாதி அப்போதே போய்விடும். அவள் குப்பியை வைத்தியரிடமே கொடுத்தாள். "இதைப் பிழைக்க வைங்க. அப்புறம் கிட்டயே வராதீங்க."

அவர் பிழைக்க வைத்தார். அவள் மருந்தைப் போட்டு, பக்கத்தில் மருந்தில்லாத குடுவை ஒன்றையும் வைத்து, மருந்துக் குடுவையில் 'யாரும் காப்பாற்ற வேண்டாம்' என்று எழுதி ஒட்டினாள். செல்கள் வளர்ந்தன, பிரிந்தன, அவள் பொறுமையைச் சோதித்தன. பிறகு ஒரு நாள் மந்தமாயின. ஊதின. கழன்று மிதந்தன. அவள் தினமும் படம் எடுத்தாள். வைத்தியர் கை பரபரக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு அது பெரிய தண்டனை.

கடைசிப் படத்தை எடுத்துவிட்டு அவளே கணவருக்குப் போன் செய்தாள்.

"செத்துடுச்சுங்க. எல்லாமே. பக்கத்துக் குடுவை நல்லா இருக்கு."

"எல்லாம் செத்துடுச்சாம்!" என்று அவர் கடை முழுக்கக் கேட்கக் கத்தினார். யாரோ பதறிப்போய், "ஐயோ, யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்பது போனில் அவள் காதில் விழுந்தது. அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள்.