ஆமென் சொல்வதற்குள்

ட்ரீனா நர்சிங் படிப்பை விட்டுவிட்டுக் கம்யூனிகேஷனுக்கு மாறி ஒரு பருவம் முழுசாக ஓடிவிட்டது. இது கல்லூரிப் போதகருக்குத் தெரியும், உணவுக்கூடத்தில் சூப் ஊற்றுகிற அம்மாவுக்குத் தெரியும், அறைத்தோழி மார்லிஸுக்குத் தேவைக்கு மேலேயே தெரியும். பக்கத்து மாவட்டத்தில் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் அவள் அப்பா ஹார்லனுக்கு மட்டும் தெரியாது.

சொல்லப் பயம். அடிப்பார், திட்டுவார் என்றில்லை. ஒன்றுமே சொல்ல மாட்டார், அதுதான் பயம். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் எங்கள் மூலையில் டச்சு வம்சத்து ஆண்கள் பேச்சை விதைச்சோளம் மாதிரி சிக்கனமாகத்தான் எடுப்பார்கள். ஹார்லன் அதிலும் ஒரு படி மேலே. அப்படிப்பட்ட மனிதர், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில் தானாகவே வாயைத் திறந்து, "பொண்ணு நர்சுக்குப் படிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவரிடமும் சொன்னார், கேட்காதவரிடமும் சொன்னார். வாழ்நாளில் அவர் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம் அது. அதை அவர் வாயிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

அந்த வீட்டின் வழக்கம் வேறு ஒரு தினுசு. யாருக்கு யார்மேல் என்ன குறை இருந்தாலும் முகத்துக்கு நேரே வராது. சாப்பாட்டு மேஜையில், தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ஜெபத்தில்தான் வரும். "ஆண்டவரே, இந்த உணவுக்காக நன்றி. பட்டிக் கதவைச் சாத்தாம வந்தவங்களுக்கு ஞாபகசக்தியக் குடும்" என்பார் ஹார்லன். ஆமென் விழுந்ததும் ட்ரீனா பட்டிக்கு ஓடுவாள். அம்மா ஜாய்ஸும் லேசுப்பட்டவள் இல்லை. "சேத்துக் காலோட சமையல்கட்டுக்குள்ள வர்றவங்களையும் நீர் மன்னியும்" என்று மறுநாள் பதில் ஜெபம் வைப்பாள். கடவுளுக்கு அந்த வீட்டில் தபால்காரர் உத்தியோகம்.

இந்த நிலையில்தான் பேராசிரியை லவோன் டைக்ஸ்ட்ரா வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு செய்தியை நாலு பேர் நடுவே விட வேண்டும். அது எந்த வழியாகப் போகிறது, போகிற வழியில் என்ன ஆகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

"எதுல விடப்போற? போஸ்டரா, ரேடியோவா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"ரேடியோவ யாருடி கேக்குறா?"

"அப்ப ஜெபக் குழுவுல விடு. எங்க அத்தை வரைக்கும் போயிரும். அத்தைக்குப் போயிட்டா அப்புறம் நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வம்பு பேசுவது எங்களிடம் பாவம். அதையே தலை குனிந்து, "மனபாரத்தோட சொல்றேன்" என்று தொடங்கினால் பாவம் இல்லை. ட்ரீனாவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஜெபத்தை வைத்தா விளையாடுவது? பொய் சொன்னால்தானே தப்பு என்று யோசித்து, உண்மையையே பெயரில்லாமல் சொல்லிவிடத் தீர்மானித்தாள். விடுதியில் ஜெபக் குழு கூடியபோது, "மூணாம் வருஷப் பொண்ணு ஒருத்தி. அவ அப்பாகிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். தைரியம் கிடைக்க ஜெபம் பண்ணுங்க" என்றாள். எல்லோரும் "ம்ம்ம்" என்று உருகினார்கள். அந்த உருக்கத்தைக் கேட்டதுமே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அது பனி உருகி, புல் தலைகாட்டும் காலம். எங்கள் கல்லூரியில் அந்தக் காலத்தில் மூன்றாம் வருஷத்துப் பெண் அப்பாவிடம் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நிச்சயதார்த்த மோதிரம். அதைத் தவிர வேறொன்று இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை அவளே போய் விசாரித்தபோது, பெண்ணுக்கு நிச்சயம் ஆகப்போகிறதாம், அப்பா சம்மதிக்கவில்லையாம் என்றார்கள். மத்தியானம் அப்பா மிகவும் முரடராகிவிட்டார். சாயங்காலம் பெண் ட்ரீனாதான் என்று முடிவாகி, மாப்பிள்ளைக்கும் பெயர் கிடைத்துவிட்டது. ஒருத்தன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்றால் காக்காய் காக்காயாக எடுத்தான் என்பது ஊர் வழக்கம்தான். ஆனால் அந்தக் காக்காய்க்கு ரெயிண்டர் ஹூகெமா என்று பெயர் வைத்து அனுப்பியதுதான் எங்கள் பிள்ளைகளின் திறமை.

ரெயிண்டர் கல்லூரி வானொலியில் ட்ரீனாவோடு நிகழ்ச்சி செய்கிறவன். பாவம், அவனே அவளைத் தேடி வந்தான். "நாலு பேர் என் கையப் பிடிச்சுக் குலுக்கினாங்க. ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுதார். நமக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வீட்டுப்பாடம்."

பேராசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்தக் காலேஜுக்கு எதுக்கு இன்டர்நெட்டுக்குச் செலவு பண்றாங்கன்னு எனக்குப் புரியவே இல்லம்மா" என்றார். ட்ரீனாவும் சிரித்தாள். மதிப்பெண் நிச்சயம் என்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை மத்தியானம் வரை தாங்கியது.

"கீழ உங்க அப்பா வண்டி மாதிரி இருக்கு" என்றாள் ஜன்னலருகே நின்ற மார்லிஸ். "சர்ச்சுக்குப் போடுற கோட்டு போட்டிருக்கார். ட்ரீனா, எங்க அத்தை வேலைய முடிச்சிட்டாடி."

ட்ரீனா கீழே ஓடினாள். ஹார்லன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எந்த ஹூகெமா?" என்றார். "பால் பண்ணையா, டிராக்டர் கடையா?"

"அப்பா, முதல்ல சாப்பிடலாம்ப்பா."

"ம்."

உணவுக்கூடத்தில் பட்டாணி சூப்பும் பன்றிக்கறி வைத்த பன்னும். துணைக்கு இருக்கட்டும் என்று மார்லிஸையும் இழுத்து உட்கார வைத்தாள். சுற்றிலும் இருந்த மேஜைகளில் பேச்சு அடங்கிப்போனது. முரட்டு அப்பாவை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஹார்லன் தலையைக் குனிந்தார். மூவரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, இந்த உணவுக்காக நன்றி" என்றார். அதோடு முடிய வேண்டியது. முடியவில்லை. "இந்த மேஜையில ஒருத்தர் ஒரு விஷயம் சொல்ல முடியாம கஷ்டப்படுறதா கேள்விப்பட்டேன். அப்பாவுக்குப் பயப்படுறாங்களாம். அவங்களுக்குத் தைரியம் குடும்."

ட்ரீனா ஆமெனுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. ஆமென் விழும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அப்பா மறந்துவிட்டாரோ என்று நினைத்தாள். பட்டிக் கதவை ஒருநாளும் சாத்த மறக்காத மனிதர் ஆமெனை மறப்பாரா? வேண்டுமென்றேதான் திறந்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தச் செய்தியை எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தாள். வழி அவள் வீட்டு மேஜையிலேயே இருந்தது.

"ஆண்டவரே," என்றாள். "மாப்பிள்ளைன்னு யாரும் இல்ல. ரெயிண்டர் நல்ல பையன்தான், ஆனா அவன் வெறும் ரேடியோ. நான் நர்சிங்க விட்டுட்டேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனப்பவே விட்டிருந்தேன், சொல்லல. எனக்குப் பேசறதும், அடுத்தவங்க பேசறதக் கேக்கறதும்தான் வருது. அதத்தான் படிக்கிறேன். அப்பா சர்ச்சுல எல்லார்கிட்டயும் சந்தோஷமா ஒண்ணு சொல்லிட்டு வர்றார். அத நான் பொய்யாக்கிட்டேன். அதுக்கு என்னை மன்னியும்."

எங்கோ ஒரு கரண்டி தட்டில் விழுந்தது. மார்லிஸின் வயிறு பசியில் சத்தமாகப் புரண்டது. ட்ரீனா கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"ஆண்டவரே," என்றார் ஹார்லன் கடைசியில். "குட்டிக்கு ஊசி போடுறதப் பார்த்துத் தொழுவத்துல மயங்கி விழுந்த பொண்ணு அது. நர்சுக்குப் போறேன்னு அது சொன்ன அன்னிக்கே, இது சரியா வருமான்னு உம்மகிட்ட கேட்டேன். இப்பதான் பதில் சொல்லியிருக்கீர். பரவால்ல." நிறுத்தி, மூச்சை இழுத்தார். "நான்தான் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவ வாயை அடைச்சுட்டேன் போல. என்னையும் மன்னியும்."

அந்த வீட்டு மேஜையில் அடுத்தவரை மன்னிக்கச் சொல்லும் ஜெபம் அவள் காதில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. அப்பா தனக்காக மன்னிப்புக் கேட்பது இதுதான் முதல் தடவை. மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமென்" என்றார் அவர். கண்ணைத் திறந்ததும் கரண்டியை எடுத்தார். "சூப்பு ஆறிப்போச்சு."

ஆறிய சூப்பை மூவரும் மிச்சமில்லாமல் குடித்தார்கள். வண்டிவரை கூட நடந்து போகும்போது ட்ரீனா மெல்லக் கேட்டாள். "அம்மாகிட்ட எப்படிப்பா சொல்றது? நிச்சயத்துக்கு இந்நேரம் துணிகூட எடுத்திருப்பாங்களே."

"எடுத்தாச்சு" என்றார் ஹார்லன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு ஜெபம் அவ முறை. உனக்குப் போன் போட்டு மேஜைமேல வச்சிடறேன். அவ ஆமென் சொல்றதுக்குள்ள சொல்லிடு."